மேல்தட்டுச் சரக்கு

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் சவரிராயன் என்றொரு தண்டல் இருந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கடலில் அவர் வைத்ததுதான் சட்டம். கரையேறிய பிறகு, தண்டல் பரீட்சை எழுதுகிறவர்களுக்குச் சாயங்காலங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் அவரை அண்ணாவி என்றே கூப்பிட்டார்கள். சரியான சிடுமூஞ்சி. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் நேராக வராது.

அவரிடம் படித்தவர்களில் இன்னாசிக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. தோணியில் கலாசியாகக் கயிறு இழுத்தே காலம் போயிற்று. ஒரு தோணியையாவது தன் பொறுப்பில் ஓட்டிப் போக வேண்டும் என்பது மீசை முளைக்காத வயதில் பிடித்த கிறுக்கு. பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது.

அந்த நேரம் பார்த்தா வேலை வர வேண்டும்? துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வை. கரை வேலை. குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இன்னாசியின் மகள் ஜெசிந்தாவுக்கு வலிப்பு உண்டு. போன மாதம் அடுப்படியில் விழுந்து நெற்றி கிழிந்துபோயிற்று. அப்போது இவன் மாலத்தீவுக்குப் போகிற வழியில் நடுக்கடலில் இருந்தான். மனைவி அமலி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டு ஆறியிருக்கலாம்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை கொச்சியில் பரீட்சை. ஒரு வாரம் தவணை கேட்டதற்கு, வாசலில் பத்துப் பேர் நிற்கிறான் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னாசி அண்ணாவியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

"பரீட்சைய விட்டுரட்டுமா அண்ணாவி?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். இவன் பின்னாலேயே போனான். துறைமுகத்தில் ஒரு தோணிக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. சிமெண்டும் வெங்காயமும் அடியறைக்குள் இறங்கின. அது முதலாளியின் சரக்கு. கலாசிகள் தங்கள் சொந்த வியாபாரத்துக்குக் கொஞ்சம் சாமானை மேல்தட்டில் கட்டிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். ஒருவன் கோரைப்பாய்க் கட்டு வைத்திருந்தான், இன்னொருவன் முறுக்கு டின்.

"நடுக்கடல்ல காத்து அடிக்கி. பாரத்தக் கொறைக்கணும். எதத் தள்ளுவ?" என்றார் அண்ணாவி.

"கனமானத." படித்ததை ஒப்பித்தான் இன்னாசி.

"அது எங்க கெடக்கு?"

"அடியறையில."

"அந்தக் காத்துல அறைய தெறப்பியா?"

"தெறந்தா தண்ணி உள்ள ஏறிரும்."

"அப்ப?"

இன்னாசி பாய்க்கட்டைப் பார்த்தான். "மேல கெடக்குறதத்தான் தள்ளணும்."

"அது யாருது?"

"கலாசிமாருது."

அண்ணாவி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு காலத்தில் சொந்தமாகத் தோணி கட்டும் ஆசை இருந்ததாம். கொல்லத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நல்ல அயினிப் பலகையாகத் தேடி வாங்கி மேல்தட்டில் கட்டிக் கொண்டுவருவாராம். ஊரில் யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான், அதுவும் இன்னாசியிடம்தான், வாய்திறந்தார். ஒரு முறை பலகை நிறையவே சேர்ந்திருந்தது. குமரிமுனை தாண்டுகிறபோது பேய்க்காற்று. கயிற்றை அவரே அறுத்துவிட்டார். பலகைகள் மிதந்து போவது கண்ணுக்கு எட்டுகிறவரை தெரிந்ததாம்.

இந்த மனுஷரைப் போய் இத்தனை நாள் கல்நெஞ்சக்காரர் என்று திட்டியிருக்கிறோமே என்று இன்னாசி வருந்தினான்.

"தள்ளுனது தப்போ அண்ணாவி?"

"தப்பில்ல. ஆறு வீட்டுத் தாலி தப்பிச்சிது."

"முதலாளி சரக்கு?"

"ஒரு மூட்ட நனையல."

தோணியில் யாரோ பாட்டுப் போட்டார்கள். வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பெறகும் பலகை வாங்குனீயளா?"

"வாங்குனேன். அடுத்த காத்துக்கு அதையும் தள்ளுனேன்."

"அதுக்குப் பெறகு?"

அண்ணாவி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அதுக்குப் பெறகு பலகை வாங்கல. நான் ஓடுன வருசமெல்லாம் காத்தே அடிக்கல இன்னாசி. மேல்தட்டு வெறுமனதான் கெடந்துச்சி."