என்ஜினுக்குப் பூசிய பவுடர்

களக்காட்டு மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதற்கு ஒரு பழைய கார். ஜமீன் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியை, புண்ணியமாவது மிஞ்சட்டும் என்று தானம் கொடுத்துவிட்டார்கள். மலைக்கிராமத்துப் பிரசவக்காரிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுதான். போன மழைக்காலத்தில் பாதி மலையில் என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது.

ஆசிரமத்தின் குரு மாதாஜி, காவி கட்டுவதற்கு முன் பாலிடெக்னிக்கில் என்ஜின் பாடம் நடத்தியவர். அவரே என்ஜினை வண்டியிலிருந்து இறக்கிப் பிரித்தார். கூடமாட நின்றவள் வத்சலா.

வத்சலா மாதாஜியைவிட எட்டு வயது மூத்தவள். கான்வென்டில் படித்தவள். புருஷன் போன பிறகு மகன் வீட்டில் இருந்தாள். மருமகள் வைத்த சாம்பாரைப் பற்றி ஒரு நாள் உள்ளதைச் சொன்னாள். சாம்பார் மாறவில்லை, வத்சலா வீடு மாறினாள். அடுத்து தங்கை வீடு. அங்கே தங்கை புருஷன் பாடுவார். அதைப் பற்றியும் உள்ளதைச் சொன்னாள். அதற்கப்புறம்தான் ஆசிரமம்.

இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் போக வேறு வாசல் கிடையாது. அதனால் வந்த நாளிலிருந்து நாக்கை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். உப்புமா பசையாக வந்தாலும் "நல்லா இருக்கு" என்றாள். வத்சலாம்மா பொறுமையின் வடிவம் என்று எல்லோரும் மெச்சினார்கள். பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்தது.

என்ஜினைப் பூட்டி முடித்தாயிற்று. அதற்குப் பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

"என்ன நிறம் அடிக்கலாம், மாதாஜி?"

"நீங்களே சொல்லுங்க, வத்சலாம்மா."

குரு "மணி என்ன?" என்று கேட்டாலே, காலம் என்றால் என்ன என்று கேட்கிறாரோ என மலைக்கிற கூட்டம் அது. வத்சலா மட்டும் விலக்கா? இது பரீட்சை. தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"பச்சை அடிங்கக்கா. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்லா?" என்றாள் சமையல்காரி சிவகாமி.

வண்டி மூடிக்குள்ளே கிடக்கிற என்ஜினுக்கு எவ கண்ணு குளிரணும், என்று வத்சலா கேட்கவில்லை. "யோசிக்கிறேம்மா" என்றாள்.

"காவிதான். ஆசிரம வண்டியில்லா?" என்றார் கணக்கு பார்க்கிற பிச்சையா.

அப்போ பெட்ரோலுக்குப் பதில் தீர்த்தம் ஊத்துவீரா? நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள்.

மறுநாள் ஆசிரமத்துக் கார் கொட்டகையில் மாதாஜி முன்னால் போய் நின்றாள்.

"கறுப்பு அடிச்சிடலாம், மாதாஜி. முன்னாடியும் கறுப்புதானே? அழுக்குத் தெரியாது. ஒரு துடை துடைச்சா எங்க கான்வென்ட் ஷூ மாதிரி பளபளன்னு இருக்கும்."

"ம்."

"இல்லேன்னா நீலம்?"

"ம்."

"சிவப்பு?"

"ம். அப்புறம்?"

அந்த "அப்புறம்"தான் வினை.

"அப்புறம் என்ன அப்புறம்? கதையா சொல்றேன் நான்? ஒரு டப்பா பெயிண்டுக்கு எத்தனை 'ம்'! எட்டு வயசு சின்னவ, என்னை பெஞ்சு மேல ஏத்தி வேடிக்கை பாக்கறியா? தெரிஞ்சா சொல்லு, தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு! ஒருத்தி பச்சைங்கிறா, ஒருத்தர் காவிங்கிறார். இந்த இடத்துல யாருக்காவது மூளைன்னு ஒண்ணு இருக்கா? இன்னொண்ணும் கேட்டுக்கோ. அந்த உப்புமா! நாய் மோந்துட்டுப் போயிடும்!"

டீ கொண்டுவந்த சிவகாமி வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்துத் தொழுவத்தில் மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது போலிருந்தது.

வத்சலா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய? நேரே அறைக்குப் போனாள். நாலு புடவையை மடித்துப் பையில் வைத்தாள். துரத்துவதற்கு முன்னால் தானே போவது மரியாதை. சாயங்கால பஸ் இருக்கிறது. எங்கே போகும் பஸ் என்றுதான் தெரியவில்லை.

சொல்லிக்கொள்ளத் திரும்பி வந்தபோது கொட்டகை அதிர்ந்துகொண்டிருந்தது. மரக்கட்டைகள் மேல் இருந்த என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் மாதாஜி, கையில் ஒரு பவுடர் டப்பா. குளிப்பாட்டிய குழந்தைக்குப் போடுவதுபோல என்ஜின் முழுக்கத் தட்டித் தட்டிப் பூசிக்கொண்டிருந்தார்.

"மாதாஜி, நான் பஸ்ஸுக்கு…"

"சத்தத்துல கேக்கல. கிட்ட வா, வத்சலா."

அம்மாவும் போயிற்று, "ங்க"வும் போயிற்று. சரி, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டாள்.

"பையை வெச்சுட்டு இதைப் பாரு."

என்ஜின் வெள்ளைவெளேரென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேல்மூடியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. அது கோடாகி, மெல்லக் கீழே இறங்கியது.

"அப்பாடா!" மாதாஜி கையைத் தட்டினார்.

"எண்ணெய் கசியுது. பாடுபட்டுப் பூட்டினது கசியுது. இதுக்கா அப்பாடா?"

"முன்னாடி எவ்வளவு எண்ணெய் ஊத்தினாலும் குறைஞ்சுகிட்டே போகும். எந்த வழியா போகுதுன்னு கடைசிவரை தெரியல. கறுப்புப் பெயிண்ட் மேல கறுப்பு எண்ணெய். அப்படியே வத்தி வத்தித்தான் மலையில நின்னுது. பூட்டி முடிச்ச பிறகும் எனக்கு அதே பயம். இன்னிக்கு நிம்மதி."

வத்சலா அந்தக் கோட்டையே பார்த்தாள்.

"அப்போ கறுப்பு கூடாது."

"கூடாது."

"வெளிர் சாம்பல். ஒரு சொட்டு வந்தாலும் கண்ணுல படற மாதிரி."

"அடிச்சிடுவோம்."

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

மறுபடியும் வந்துவிட்டது. வத்சலா அண்ணாந்து பார்த்தாள். கூரை இடிந்து விழவில்லை.

மாதாஜி சிரித்தார். "தெரிஞ்சாதானே சொல்றதுக்கு? நிஜமாவே தெரியாமதான் உன்னைக் கேட்டேன். சிவப்பு நல்லாத்தானே இருக்கும்னு யோசிச்சுகிட்டிருந்தேன். நீ உள்ள இருந்ததையெல்லாம் கொட்டினப்புறம்தான், கசிவைக் காட்டிக்கொடுக்கிற பவுடர் ஞாபகம் வந்தது."

"பவுடர் என்னோடது," என்றாள் வாசலில் நின்ற சிவகாமி. "அக்கா, நாளைக்கு உப்புமா நீங்கதான் கிண்டுறீங்க. நாய் திங்குதா இல்லையான்னு பாத்துருவோம்."

வத்சலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

மாதாஜி என்ஜினை நிறுத்தினார். மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அது லேசாக வளைந்திருந்தது.

"இதைப் பூட்டினது யாரு?"

"நான்தான். ஒரு சொட்டுகூட வெளியில வரக்கூடாதுன்னு, உள்ள பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன்."

மாதாஜி ஸ்பானரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அதனாலதான் கசியுது."