முருங்கைக் கொப்பும் மூன்று காவலாளிகளும்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். கொல்லைப்புறத்தில் ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வாயை எடுத்துவிட்டது. பிலோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று காலையில்தான் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “உங்க வீட்டுப் பெரியவங்க எலும்பெல்லாம் முருங்கைக் கொப்பு மாதிரி இருக்கு. தடுக்கி விழுந்தாங்கன்னா மடக்குன்னு ஒடிஞ்சிரும்.”

இன்னொரு ‘மடக்’.

ரெண்டாவது ஆளும் போச்சு என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அந்த வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். மாமனார் சவரிமுத்து, அவருக்கு இளையவர் லூர்து, கடைசித் தம்பி அருளப்பன். திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் மூவரும் ராத்திரிக் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். விடிந்தால் படுத்து, பொழுது சாய்ந்தால் எழுந்தே ஆயுசைக் கழித்தவர்கள். வெயில் எதிரே வந்து நின்றால் ‘யாரு, எந்த ஊரு’ என்று விசாரிப்பார்கள். அந்த ஆலையில் களவு போனதே இல்லை. திருட வந்தவனுக்கு இவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

மூவரும் முழுசாகத்தான் இருந்தார்கள். டார்ச் விளக்கோடு முருங்கை மரத்தடியில் நின்றார்கள். காலடியில் ஒடித்துப் போட்ட கொப்புகள்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“டாக்டரம்மா சொன்னதை நீ சொன்னியே தாயி, அது நெசமான்னு பார்க்கிறோம்,” என்றார் சவரிமுத்து. “நெசந்தான். ஒரு கொப்புகூடத் தாங்கல.”

“அதனால இனிமே பயமில்ல,” என்றார் அருளப்பன். “ஒடிஞ்ச முருங்கைக் கொப்பை என்ன செய்வோம்ணே?”

“நட்டு வைப்போம்.”

“நட்டா?”

“துளுத்துரும்.”

“அம்புட்டுதான். இதுக்குப் போயி மாத்திரை எழுதிக் குடுத்திருக்கு. பாவம், சின்னப் பொண்ணு.”

பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பேரப்பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தாத்தாதான் கோயில் வாசல்வரை தூக்கிப் போக வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சவரிமுத்து புது வேட்டிகூட எடுத்து வைத்துவிட்டார். பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. தூக்கப்போகிறவருக்கோ கால் நிற்கவில்லை. புருஷன் இருப்பது மஸ்கட்டில். யாரிடம் போய்ச் சொல்வாள்?

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நீங்க விழ மாட்டீங்கன்னு எனக்கு நம்பிக்கை வந்தாத்தான் பிள்ளையைக் கையில குடுப்பேன்.”

சவரிமுத்து பிள்ளையின் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டார்.

“விழ மாட்டேன் தாயி.”

மறுநாள் அவள் ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்து விளக்கினாள். “எலும்புக்கு வைட்டமின் டி முப்பதாவது இருக்கணுமாம், அதுக்கு வெயில்ல நிக்கணுமாம். மாமாவுக்கு ஒன்பது. லூர்து மாமாவுக்குப் பத்து. சின்ன மாமாவுக்குப் பதினொண்ணு.”

அருளப்பன் கண்ணை மூடினார், உதடு அசைந்தது.

“அண்ணே, கூட்டினா முப்பது.”

“சரியாவா?”

“சரியா முப்பது.”

“அப்ப மூணு பேரும் ஒட்டியே இருந்தா நோயில்லேங்கிற.”

“பிரிஞ்சாத்தான் நோய்.”

அதிலிருந்து மூவரும் கைகோத்தபடியே இருந்தார்கள். தபால்காரர் கூப்பிட்டால் மூவரும் போனார்கள். வாசற்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தார்கள். ஒருவர் தும்மினால் மூவரும் குலுங்கினார்கள். நடுவில் மாட்டிய லூர்துக்கு இரண்டு கையும் போய்விட்டதால், மத்தியானம் தட்டுக்குக் குனிந்து கன்றுக்குட்டி மாதிரி சாப்பிட்டார். ரசம் மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்ததாம்.

“இன்னொண்ணு மாமா,” என்றாள் பிலோமி. “வயசானவங்க நெறைய விழுறது குளியலறையிலதானாம். உள்ள ஆள் இருக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. விழுந்தா யாரும் வந்து தூக்க முடியாது.”

கொல்லையில் தனியாக நின்ற குளியலறையின் தகரக் கதவு முன்னால் சபை கூடியது.

“ஆள் இருக்கும்போது போடக் கூடாது. அப்ப எப்பப் போடணும்?”

“ஆள் இல்லாதப்ப.”

“ஆள் இல்லாதப்ப யாரு போடுறது?”

மூவரும் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அருளப்பன் கண்ணில் தகரம் துருப்பிடித்து விழுந்திருந்த ஓட்டை பட்டது. கதவைச் சாத்தி, ஓட்டையில் கையை விட்டு, உள்தாழ்ப்பாளைத் தள்ளினார்.

“முடிஞ்சுது. இனி உள்ள ஒருத்தரும் விழ முடியாது. தாழ் திறந்திருந்தா ஆள் இருக்கு. போட்டிருந்தா ஆள் இல்ல. இம்புட்டுத் தெளிவா எந்த வீட்டுல இருக்கு?”

மூவரும் குழாயடியில் சேர்ந்தாற்போல் குளித்தார்கள். பிலோமி ஓட்டையில் கைவிட்டுத் திறந்துகொண்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் கதவைச் சாத்திக் குளித்ததே இல்லை. ரெண்டு செம்பு ஊற்றுவதற்குள் பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். அழாவிட்டால் இன்னும் பயம்.

ஞாயிறு விடிந்து வெயில் ஏறியபோது கொல்லைக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

“மாமா, என்ன குள்ளமாயிட்டீங்க?”

“நட்டிருக்காங்க தாயி.”

முழங்கால்வரை குழி தோண்டி, இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்திருந்தார்கள். லூர்து ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியிருந்தார். தம்பிகள் இரண்டு பக்கமும் நின்று ஆளுக்கொரு தோளைப் பிடித்திருந்தார்கள், முப்பது குறையாமலிருக்க.

“நட்டு வச்சது எப்படி விழும்?” என்றார் அருளப்பன். “டாக்டரம்மா சொன்ன வெயிலும் ஆச்சு.”

“முன்பக்கந்தானே படுது, முதுகுக்கு?” என்றார் லூர்து.

“சாயங்காலம் வெயில் பின்னாடி நடந்து வரும்டா. அதுக்கு எலும்பு நல்லாருக்கு,” என்றார் சவரிமுத்து.

பிலோமி மாமனாரின் நெஞ்சில் கை வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். அவர் புன்னகை செய்தார். இந்த வீட்டில் இவ்வளவு உறுதியாக நிற்கும் எதையும் அவள் பார்த்ததில்லை.

பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

பிள்ளை அவரை உற்றுப் பார்த்தது, கொட்டாவி விட்டது.

“கோயிலுக்கு எப்படி மாமா போவீங்க?”

“அண்ணனை வேரோட பெயர்த்து எருத் தள்ளுவண்டியில வச்சிருவோம்,” என்றார் லூர்து. “மண்ணு உதிராமத் தள்ளணும், அவ்வளவுதான்.”

பிலோமி யோசித்தாள். கால் மண்ணுக்குள். மண் வண்டிக்குள். பக்கத்துக்கு ஓர் ஆள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் விழுவதற்கு வழி தெரியவில்லை. தன் புத்தி இப்படிப் போகிறதே என்று ஒரு நிமிஷம் பயந்தாள்.

“சரி. நான் குளிச்சிட்டு வந்துர்றேன்.”

ஓட்டையில் கைவிட்டுத் திறந்தாள். உள்ளே போனாள். கொஞ்சம் தயங்கி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே லூர்து தாழ்ப்பாள் சத்தத்துக்குத் திரும்பினார்.

“அண்ணே, தாழ் போட்டிருக்கு.”

“அப்ப உள்ள ஆள் இல்ல.”

“பிலோமி இதுக்குள்ளதானே போச்சு?”

“போச்சு. இப்ப இல்ல.”

“நான் உள்ளதான் இருக்கேன் மாமா.”

“உள்ள இருந்தா தாழ் போட்டிருக்காதே தாயி,” என்றார் அருளப்பன் பொறுமையாக. “பதறாத. எங்க இருக்கேன்னு சுத்திமுத்தியும் பார்த்துச் சொல்லு. வந்து கூட்டிட்டு வர்றோம்.”

பிலோமி தாழ்ப்பாளை எடுத்துத் தலையை நீட்டினாள்.

“இந்தா, கிடைச்சிருச்சு,” என்றார் லூர்து. சிலுவை போட்டுக்கொண்டார்.

சவரிமுத்து நட்ட இடத்தில் நட்டபடி நின்றார். பிள்ளை அவர் தோளில் உறங்கிவிட்டிருந்தது.

பிலோமி பிள்ளையைப் பார்த்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு தலையை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, ஓட்டையில் துண்டைத் திணித்து, தாழ்ப்பாளை அழுத்திப் போட்டாள்.

“மறுபடியும் காணாமப் போயிருச்சுண்ணே,” என்றார் லூர்து.