சேதத்துக்குக் காவல் இருந்த முள்ளம்பன்றி

ஆற்றங்கரைக் காட்டில் வெள்ளம் வந்து வடிந்தது. முள்ளம்பன்றி வேம்பனின் சர்க்கரைவள்ளித் தோட்டம் அத்தனையும் அழுகிப் போச்சு. அவனுடைய தாயில்லாத இரண்டு குட்டிகளும் அந்தக் கிழங்கை நம்பித்தான் இருந்தன, பாவம்!

பக்கத்துத் தோட்டத்து முயல் செம்பாயிக்கும் அதே கதிதான். ஆனால் அவள், மேட்டில் தப்பிய கொடிகளை நறுக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, மண்ணு ஈரமா இருக்கு. இப்பவே நட்டுடுவோம். உனக்கும் பாதி தர்றேன்!"

வேம்பன் குழி பறிக்கக் குனிந்தான். அதற்குள் நரி அதிகாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"யானை மகாராஜா நிவாரணம் அறிவிச்சிருக்கார்! பயிர் போனவங்களுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை கிழங்கு! ஆனா, பார்வையிட ஆள் வர்ற வரைக்கும் தோட்டத்துல கை வைக்கக் கூடாது. சேதம் சேதமாவே இருக்கணும்!"

"எப்பய்யா வருவாங்க?"

"இதோ, வந்துக்கிட்டே இருக்காங்க!"

வேம்பன் கையை உதறிக்கொண்டான். செம்பாயி தலையில் அடித்துக்கொண்டு போய்த் தன் தோட்டத்தில் நட்டாள்.

"வர்ற மூட்டையைக் கோட்டை விடுறாளே, பிழைக்கத் தெரியாதவ!" என்று சிரித்தான் வேம்பன்.

அன்றிலிருந்து என்ன காவல் என்கிறீர்கள்! அழுகின கிழங்கில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டுவான். மாதங்கள் ஓடின. குட்டிகள் மரப்பட்டையைக் கொறித்துக்கொண்டு பசி என்று அழுதால், "மூட்டை வருதுடா, பொறுங்க!" என்று அதட்டுவான். மூட்டை வரவில்லை, கோரைதான் வந்தது. தோட்டம் முழுக்க மண்டியது.

"இதையாவது பிடுங்கட்டுமாய்யா?" என்று நரியாரிடம் கேட்டான்.

"உத்தரவில்லாம ஒரு புல்லைத் தொடக் கூடாது!"

கடைசியில் பார்வையிட வந்தது கழுகு. இறங்கவா செய்தது? மேகத்தை ஒட்டி ஒரே ஒரு வட்டம்!

"ஆகா, ரெண்டு தோட்டமும் பச்சைப்பசேல்னு இருக்கு! இங்கே சேதமே இல்லை!"

"ஐயா, என்னுது கோரை! இறங்கி வந்து பாருங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினான் வேம்பன். அந்த உயரத்துக்கு யார் குரல் எட்டும்?

அடுத்து, காட்டுப்பன்றி மொக்கையன் புரண்டுகொண்டிருந்த சேற்றுப்பள்ளம் கழுகின் கண்ணில் பட்டது.

"அடடா, ஒரு செடிகூட மிஞ்சலையே! இவருக்கு ரெண்டு மூட்டை கொடுங்க!"

வேம்பன் நரியாரிடம் ஓடினான். "அவன் ஜென்மத்துல ஒரு கொடி நட்டதில்லையேய்யா!"

"பார்த்தாச்சு, முடிச்சாச்சு. அடுத்த வெள்ளம் வரட்டும், உன்னை முதல்ல கவனிக்கிறேன்!" என்றார் நரியார், மொக்கையன் கொடுத்த கிழங்கைக் கடித்தபடி.

வயிறெரிந்து வீடு திரும்பினால் குட்டிகளைக் காணோம். பதறிப்போய்த் தேடினான். செம்பாயியின் வரப்பில் உட்கார்ந்து, அவள் அப்போதுதான் தோண்டின கிழங்கை வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தன.

"நீயும் உட்காரு அண்ணே," என்றாள் செம்பாயி.

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பசி பொல்லாததாயிற்றே! உட்கார்ந்து, அழுதுகொண்டே தின்றான்.

வருகிற உதவி வரட்டும், வேண்டாமென்று சொல்ல வேண்டாம். ஆனால் அதை எதிர்பார்த்துக் கையில் இருக்கும் வேலையைக் கீழே போட்டால், பட்டினி கிடப்பது நம் பிள்ளைகள்தான்.