சத்தம் போடாத டிஸ்க்

கெட்டுப்போன கணினி டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுத் தருபவர் செண்பகவல்லி. அவரிடம் தொழில் கற்க வந்தவர் ஒருவர்தான்: ஆவுடையப்பன், சாயப்பட்டறைத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர். அவர் 'டீச்சர்' என்று அழைக்கும் செண்பகவல்லியைவிட இருபது வயது மூத்தவர்.

ஒரு காலையில் ஆவுடையப்பன் டீச்சரின் மேசைமேல் இரண்டு டிஸ்க்குகளை வைத்தார். ஒன்று பழைய, சுழலும் ஹார்டு டிஸ்க். மற்றது உள்ளே எதுவுமே சுழலாத எஸ்.எஸ்.டி.

"டீச்சர், ரெண்டுல எதை நம்பலாம்?"

"உள்ளே என்ன இருக்கு தோழர்?"

"பொன்னுருவியோட வாக்குமூலம். அவ குரல்லயே."

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் நான்கு தொழிலாளர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். முதலாளியே அவர்களை இறங்கச் சொன்னதைக் காதால் கேட்டவள் அங்கே வேலை பார்த்த பொன்னுருவி மட்டுமே. இப்போது அவளும் உயிரோடு இல்லை. நாளை மறுநாள் அந்த வழக்கின் விசாரணை.

"வேற பிரதி?"

"கிடையாது. முதலாளி தரப்புல ஆள் வெச்சுத் தேடுறானுங்க. பழசு சத்தம் போட்டுச்சு, புதுசுல ஏத்தி இரும்புப் பெட்டியில பூட்டிட்டேன். மூணு கோடையா யாரும் தொடலை. பழசை உடைக்கத்தான் சுத்தியலை எடுத்தேன். கை வரலை."

"கடுதாசியைப் படிச்சதும் கொளுத்திடுற பழக்கம். தலைமறைவுக் காலத்து வியாதி."

"அதனாலதான் உயிரோட இருக்கேன்."

டீச்சர் எஸ்.எஸ்.டி.யைக் கணினியில் இணைத்தார். திரையில் கோப்பின் பெயர் வந்தது. குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். பெயரும் போய்விட்டது.

"பூட்டுறப்போ நல்லா இருந்துச்சே!"

"தகரக் கூரைச் சூட்டுல, கரண்டே காட்டாம வெச்சா இது மறந்துடும். மறக்குறப்போ சொல்லாது."

ஆவுடையப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸ் தடியைப் பார்த்துக்கூட அவர் அப்படி நின்றதில்லை.

டீச்சர் ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்து அவர் காதருகே பிடித்தார்.

டக். டக். டக்.

உடனே அணைத்தார்.

"பயமா இருக்கு டீச்சர்."

"சாகப்போறேன்னு சொல்லுது. இன்னும் ஒரு தடவை ஓடினாலும் ஓடும். ஓடுறப்போ எதுல ஏத்தணும்?"

"புது எஸ்.எஸ்.டி. வாங்கிட்டு வரேன். இந்தத் தடவை நானே கரண்டு காட்டி, நானே பூட்டி..."

டீச்சர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பத்துப் பேரைக் கூப்பிடுங்க. ஆளுக்கொரு பிரதி. அவங்க வந்து உட்கார்ந்த பிறகுதான் சுவிட்சு."

"யாரை? எனக்குப் பின்னாடி கொடி பிடிச்சவன்ல பாதிப் பேர் இன்னிக்கு முதலாளி கார்ல போறான்! கேட் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்துனவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். பத்துப் பேருக்குக் கொடுத்தா ஒருத்தன் கண்டிப்பா வித்துடுவான்."

"விக்கட்டும். ஒன்பது இருக்கும். இப்போ உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஆவுடையப்பன் போனை எடுத்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டே இருந்தன. விரல் எதிலும் நிற்கவில்லை.