பன்றி செய்த பரிகாரம்

ஒரு காட்டில், தன் பக்தியைத் தானே மெச்சிக்கொள்ளும் காட்டுப்பன்றி ஒன்று இருந்தது, குழந்தைகளே.

ஒருநாள் காலை அது ஆலமரத்தடியில் கிழங்குக்காக மண்ணைக் கிளறியபோது, அங்கிருந்த எலி வளை பொலபொலவென்று சரிந்து மூடிக்கொண்டது. இரை தேடப் போயிருந்த தாய் எலி ஓடி வந்தது. வாசலையே காணோம். மண்ணுக்கு அடியில் குஞ்சுகள் கீச்சிட்டன.

“பன்றியாரே, என் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்! உங்கள் மூக்கால் நாலு தள்ளு தள்ளினால் போதும். சீக்கிரம்!” என்றது எலி.

“ஐயையோ! நான் மகா பாவி!” என்று பன்றி ஓவென்று அழுதது.

“அழுகை அப்புறம் இருக்கட்டும். தோண்டுங்கள்!”

“பாவம் படிந்த மூக்கால் எப்படித் தோண்டுவேன்? முதலில் பரிகாரம் செய்ய வேண்டாமா?” என்று சொல்லிவிட்டுப் பன்றி நரியிடம் ஓடியது.

நரிக்குப் பரிகாரம் சொல்வதுதான் பிழைப்பு. நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த அது கண்ணை மூடி யோசித்தது. “ஆற்றில் முழுகிவிட்டு, ஈரத்தோடு ஆலமரத்தைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய். உருள உருளப் பாவம் உதிரும்” என்றது.

பன்றி சொட்டச் சொட்ட நனைந்து வந்து உருளத் தொடங்கியது. காடே கூடிவிட்டது. “என்ன பக்தி! என்ன பணிவு!” என்று மான்கள் உருகின. குரங்குகள் கன்னத்தில் போட்டுக்கொண்டன.

தாய் எலி மட்டும் நகம் தேய மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. பன்றி உருண்டு வரும்போதெல்லாம் அது விலகி ஓட வேண்டியிருந்தது. அந்தப் பெரிய உடம்பு ஏறி இறங்கியதில் மண் இன்னும் கெட்டிப்பட்டது. கீச்சுச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. இந்த மடையனிடம் கெஞ்சிப் பயனில்லை என்று எலிக்குப் புரிந்தது.

“பன்றியாரே! உங்கள் பக்தியை மெச்சி வனதேவதை பிரசாதம் வைத்திருக்கிறாள். இதோ, இந்த மண்ணுக்கு அடியில் உங்கள் தலை அளவுக்கு ஒரு கிழங்கு!” என்று கத்தியது.

அவ்வளவுதான். பாதிச் சுற்றில் துள்ளி எழுந்த பன்றி, பாவம் படிந்த அதே மூக்கால் மண்ணை வாரி வீசியது. கண் இமைக்கும் நேரத்தில் வளை திறந்தது. தும்மிக்கொண்டும் இருமிக்கொண்டும் குஞ்சுகள் வெளியே வந்தன. தாய் எலி அவற்றை அணைத்துக்கொண்டு விம்மியது.

பன்றி குழிக்குள் தலையை விட்டுத் தேடியது. “கிழங்கு எங்கே?”

“இல்லை. பொய் சொன்னேன்” என்றது எலி.

“அடிப்பாவி! தெய்வத்தின் பெயரால் பொய்யா? நீ பரிகாரம் செய்தே ஆக வேண்டும். வா, உருள்!”

“உருள எனக்கு நேரமில்லை. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் பரிகாரம் இப்போதுதான் முடிந்தது, பன்றியாரே. அதுவும் உங்களுக்கே தெரியாமல்!”

நீதி: செய்த கேட்டைச் சரிசெய்வதே பரிகாரம், மற்றதெல்லாம் ஊர் பார்க்கும் வேடிக்கை.