அம்புப் பட்டறைக்கு வந்த கழுதை

கழுதையைத் தூணில் கட்டிவிட்டுப் பல்லவராயர் ஓலையை விரித்தார். அம்புப் பட்டறையில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளச்சி நிமிரவில்லை.

"உச்சி மணி அடிக்கும்போது கோட்டைக்குள் எவர் முன்னால் முடிக்காத வேலை குவிந்து கிடக்கிறதோ அவரே சோம்பேறி. அவரைக் கழுதைமேல் வால்பக்கம் பார்க்க உட்காரவைத்து வாசலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். மறுபடி உள்ளே சேர்க்கக் கூடாது." படித்துவிட்டு ஓலையைத் திருப்பிக் காட்டினார். "அரசர் முத்திரை. பார்த்துக்கொள்ளுங்கள்."

பல்லவராயர் படைக்கலக் கண்காணி. அந்த மாதம் பத்தாயிரம் அம்பு கேட்டிருந்தார்கள், பாதிகூடத் தேறவில்லை. காரணத்தைத் தேடிப் பட்டறைக்கு வந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். முதல் ஆள் நாணலை அளந்து வெட்டினான். அடுத்தவன் அனலில் காட்டி நேராக்கினான். மூன்றாவதாக வெள்ளச்சி கழுகிறகு பொருத்தினாள். கடைசியில் மாடன் இரும்பு முனை செருகினான். வெள்ளச்சிக்கு முன்னால் தண்டுகள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. மாடனுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் வலது கையை இடது கையோடு மோதவிட்டுத் தாயம் ஆடிக்கொண்டிருந்தான்.

"மாடனைப் பார். வந்ததை அப்போதே முடித்துவிடுகிறான். நீயும் இருக்கிறாயே."

"நான் கொடுத்தால்தானே ஐயா அவருக்கு வரும்" என்றாள் வெள்ளச்சி, நூலைப் பல்லில் கடித்தபடி. "எனக்குக் கை இரண்டுதான்."

"வாய் மட்டும் வேகமாக ஓடுகிறது."

வெற்றிலை போட நிழல் தேடிச் சடையன் உள்ளே வந்தது அப்போதுதான். மற்றவர்கள் அரசரிடம் சொல்லத் தயங்குவதையெல்லாம் சொல்வதற்கென்றே சபையில் இடம் பெற்றவன். கழுதையைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். ஒரு மூலையில் உட்கார்ந்து வாய்க்குள் எண்ணத் தொடங்கினான். ஒரு தண்டை வெட்டப் பத்து. நேராக்கப் பத்து. முனை செருகப் பத்து. வெள்ளச்சி இறகைப் பிளந்து, நறுக்கி, பிசின் தொட்டு மூன்று பக்கமும் ஒட்டி, நூல் சுற்றி முடிக்கையில் நாற்பது ஆகிவிட்டது.

"பல்லவராயரே, 'கோட்டைக்குள்' என்று ஏன் எழுதினீர்? 'பட்டறையில்' என்றால் போதாதா?"

"கம்பீரமாக இருக்கட்டும் என்று."

"அரசர் படித்துப் பார்த்தாரா?"

"அவருக்கு ஏது நேரம். அப்படியே முத்திரை வைத்துவிட்டார்."

சடையன் எழுந்து கழுதையை அவிழ்த்தான். "முதலில் இதற்கு வேறோர் இடத்தில் வேலை இருக்கிறது. ஓலையை எடுத்துக்கொண்டு நீரும் வாரும்."

"பெரிய சோம்பேறி யாராவது மாட்டிக்கொண்டானா?"

"வந்து பாருமே."

அரண்மனைப் படியில் கழுதை ஏற மறுத்தது. காவலர் இருவர் முன்னாலிருந்து இழுத்தார்கள், சடையன் பின்னாலிருந்து தள்ளினான். உச்சி மணி அடித்தபோது அது சபை நடுவே காதை விடைத்துக்கொண்டு நின்றது. எதிரே அரசர் மாறவேள் இருந்தார். ஆனால் முகம் தெரியவில்லை. ஓலைக் குவியலுக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

"யார் அது?" என்றது கிரீடம்.

"சடையன், அரசே. தங்களைக் கோட்டை வாசலுக்கு வெளியே அழைத்துப் போக வந்தேன்."

"எதில்?"

"இதில்தான். வால்பக்கம் பார்த்து உட்கார வேண்டுமாம்."

பல்லவராயர் கையிலிருந்த ஓலையை வாங்கி நீட்டினான். அரசர் முதல்முறையாக அதைப் படித்தார். பல்லவராயர் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"நான் சோம்பேறியா? விடிந்ததிலிருந்து இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபது பேர் எழுதித் தள்ளுகிறார்கள். படிப்பது, விசாரிப்பது, தீர்ப்புச் சொல்வது, முத்திரை வைப்பது எல்லாம் நான் ஒருவன். குவியாமல் என்ன செய்யும்?"

"இதையேதான் அம்புப் பட்டறையில் வெள்ளச்சி என்கிற பெண்ணும் சொன்னாள், அரசே. அவள் கையில் முத்திரை இல்லை. அதனால் அவளைக் கழுதை ஏற்றப் போகிறார்கள்."

குவியல் மெல்ல ஆடியது. அரசர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் நாற்பது ஐம்பது ஓலைகள் சரிந்து கழுதையின் காலடியில் விழுந்தன. கட்டளை ஓலையை இரண்டாக ஒடித்தார்.

"சரி, அம்பு வேண்டுமே. என்ன செய்யலாம்?"

"அவள் கையை இதற்குமேல் வேகமாக்க முடியாது. வேலையைப் பிரிக்கலாம். தண்டை நேராக்குகிறவன் இறகை நறுக்கட்டும். மாடன் நூல் சுற்றட்டும். ஒட்டுவதை மட்டும் அவள் வைத்துக்கொள்ளட்டும். தங்கள் பங்கிலும் ஆட்டுத் தகராறு, வரப்புத் தகராறெல்லாம் ஊர்ச்சபைக்கே போகட்டும்."

"இறகைப் பிளப்பது யார்?"

சடையன் பல்லவராயர் நின்ற தூணைப் பார்த்தான். அரசரும் பார்த்தார்.

"பல்லவராயரே, உம் முன்னால் என்ன வேலை குவிந்திருக்கிறது?"

"ஒன்றுமே இல்லை, அரசே" என்றார் பல்லவராயர், பெருமையாக.

"அப்படியானால் அது உமக்குத்தான்." தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார் அரசர்.

மறுநாள் பட்டறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சடையன் மறுபடி எண்ணிப் பார்த்தான். நான்கு பேரில் எவருக்கும் இருபதைத் தாண்டவில்லை. ஐந்தாமவருக்கு எழுபது ஆனது. பிளக்கப் பிளக்க இறகு கோணிக்கொண்டு போனது. தூவி மீசையில் ஒட்டியது. ஒவ்வொரு இறகுக்கும் பல்லவராயர் ஒரு தும்மல் போட்டார்.

"கொஞ்சம் சீக்கிரம், ஐயா" என்றான் மாடன். "உங்களால் நாங்கள் எல்லாரும் சும்மா இருக்கிறோம்."

உச்சி மணி அடித்தது. பல்லவராயரின் முன்னால் இறகு முழங்கால் உயரம் கிடந்தது. கட்டளை ஒடிக்கப்பட்டது தெரிந்தும் அவர் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளச்சி கையிலிருந்த அம்பை ஒட்டி முடித்து மாடன் பக்கம் வைத்தாள். பிறகு எட்டி, அவர் குவியலிலிருந்து இரண்டு கை இறகை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.