மஞ்சக்கண்ணி இறகு மாற்றிய கோடை

பறவை பேசுவது மனிதனுக்கும் மனிதன் பேசுவது பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், வல்லூறு ஒரே நாளில் இறகு உதிர்த்துவிடும். சித்திரை மாதத்தில் ஒரு காலை உடம்பை ஓர் உதறு உதறும். சிறகு, வால், நெஞ்சுப் பூவிறகு எல்லாம் மொத்தமாகக் கீழே விழுந்துவிடும். அதன் பிறகு நாற்பது நாள் உரித்த கோழி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பறக்கவும் முடியாது, இரை பிடிக்கவும் முடியாது. அந்த நாற்பது நாளும், இன்னும் உதிர்க்காத ஜோடிப் பறவையோ தாயோ தகப்பனோ கொண்டுவந்து ஊட்டும். ஊட்ட ஆள் இருந்ததால் வல்லூறுகளுக்கு அதில் பயம் இருந்ததில்லை. கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கலாம்.

தெற்கே, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் செம்மண் பூமியில் ஓர் உடைமரக் காடு. அதன் ஓரத்தில் சடையாண்டியும் அவன் மனைவி இருளாயியும் குடிசை போட்டிருந்தார்கள். சடையாண்டியிடம் வில் கிடையாது, வேல் கிடையாது. பழக்கிய வல்லூறைக் கையில் ஏந்திப் போய்க் காடையும் கௌதாரியும் பிடிப்பது அவன் தொழில். அந்தப் பக்கத்தில் அப்படிப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்தன.

ஒரு வைகாசிக் காற்றில் காட்டுக்குள் பெரிய வேம்பு ஒன்று சாய்ந்தது. அதில் இருந்த வல்லூறுக் கூடு நசுங்கிப்போயிற்று. தாயும் தகப்பனும் கிளைக்கடியில் செத்துக் கிடந்தன. மூன்று குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும் மூச்சு இருந்தது. சடையாண்டி அதை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தான். கறியைத் தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, விரல் நுனியில் எடுத்து அதற்கு ஊட்டினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வாய் ஊட்டியதுண்டா என்று இருளாயி கேலி செய்தாள். குஞ்சின் கண் நல்ல மஞ்சளாக இருந்ததால் மஞ்சக்கண்ணி என்று பேர் வைத்ததும் அவள்தான். அது அவனை அய்யா என்றும் அவளை ஆத்தா என்றும் கூப்பிட்டுப் பழகியது.

குஞ்சுப் பருவத்தில் வல்லூறின் முதுகு தவிட்டு நிறம். நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கோடுகள் துளித்துளியாய் இறங்கும். மஞ்சக்கண்ணியும் அப்படித்தான் இருந்தது.

வல்லூறை அடித்துப் பழக்க முடியாது. ஒரு தடவை கை ஓங்கினால் அதோடு சரி, ஆயுளுக்கும் திரும்பிப் பார்க்காது. அதனால் அந்தக் காட்டுக்காரர்கள் பசியை வைத்துப் பழக்கினார்கள். தினமும் விடிந்ததும் பறவையின் நெஞ்செலும்பைச் சுட்டுவிரலால் தடவிப் பார்ப்பார்கள். எலும்பு விரலில் லேசாகத் தட்டுப்பட்டால் காட்டுக்குக் கூட்டிப்போகலாம். தட்டுப்படவில்லை என்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு வேட்டை கிடையாது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று ஊர் உலகம் சொல்லும். இவர்களோ, பசி இருந்தால்தான் பறந்தது கைக்குத் திரும்பும் என்பார்கள். வேட்டை நாளுக்கு அது சரியான கணக்குதான். மஞ்சக்கண்ணிக்கும் அதில் வருத்தமில்லை. காலைப் பசி அதற்கு ஒரு விளையாட்டு மாதிரி. வேட்டை முடிந்ததும் முதல் கௌதாரியின் ஈரல் தனக்குத்தான் என்று அதற்குத் தெரியும்.

சித்திரை வந்தது. மஞ்சக்கண்ணிக்கு உடம்பெல்லாம் அரித்தது. சொல்லிக் கொடுக்கத் தாய் இல்லாததால் என்னவென்று தெரியாமல் சடையாண்டியிடம் கேட்டது. இறகு மாறப்போகிறது, குஞ்சுச் சட்டை போய்ப் பெரிய பறவையின் சட்டை வரும் என்று அவன் சொன்னான். நாற்பது நாள் பறக்காமல் எப்படி இருப்பது என்று அது நடுங்கியது.

“நான் எதுக்கு இருக்கேன் தாயி? உனக்கு ஊட்டினவன் தானே நான்,” என்றான் சடையாண்டி.

அதை நம்பி மறுநாள் காலையில் மஞ்சக்கண்ணி உடம்பை உதறியது. குடிசைக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி, தரையில் மணல் பரப்பி, அதற்கு இடம் செய்து கொடுத்தான் சடையாண்டி. விழுந்த இறகுகளை ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு பானையில் போட்டு வைத்தான். பறக்கும்போது இறகு ஒடிந்தால், பழைய இறகை மூங்கில் சிம்பும் பிசினும் வைத்து ஒட்டுப்போடலாம் என்பது அந்தக் காட்டில் எல்லாரும் அறிந்த வேலை.

சடையாண்டி கெட்டவன் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டு வசவு வைதுவிட்டு மேலே போயிருக்கலாம்.

முந்தின வருஷம் பக்கத்துக் குடியிருப்பு மாடக்கண்ணுவின் வல்லூறு, புது இறகு முளைத்த கையோடு பறந்துபோய்விட்டது. மாடக்கண்ணு மூன்று மாதம் காட்டில் சீழ்க்கை அடித்துக்கொண்டே திரிந்தான். சட்டை மாறினால் புத்தியும் மாறும் என்று அங்கே சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு சடையாண்டியின் நெஞ்சில் முள்ளாக ஏறியிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? நாலாம் நாள் காலையில் பழக்க தோஷத்தில் மஞ்சக்கண்ணியின் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். மூன்று நாள் ஊட்டியதில் எலும்பு சதைக்குள் புதைந்து கிடந்தது. இப்படி வயிறு நிறைந்த பறவைக்கு என் கை எதற்கு என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

அன்று முழுக்க அவன் ஊட்டவில்லை. மறுநாள் ஊட்டினான். அதற்கு மறுநாள் ஊட்டவில்லை. இப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள். கோடையில் காட்டில் ஒன்றும் அகப்படவில்லை என்று மஞ்சக்கண்ணியிடம் பொய் சொன்னான்.

மஞ்சக்கண்ணி அதை நம்பியது. நம்பியதோடு விடவில்லை. கிடைக்கிற நாளில்கூட முதலில் ஆத்தா சாப்பிடட்டும், மிச்சம் இருந்தால் எனக்குக் கொடுங்கள் என்றது. ஒருநாள் சாய்ப்புக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், கௌதாரிகள் விடாமல் கத்தின. கத்துகிறதே அய்யா என்றது மஞ்சக்கண்ணி. அது தூரத்துக் காடு, காற்றுக்குக் கிட்டத்தில் கேட்கிறது என்றான். வல்லூறுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று அவனைவிடத் தெரிந்தவன் யார்? அது தன் காதை விட்டுவிட்டு அவன் வாயை நம்பியது.

இருளாயிக்குப் பொறுக்கவில்லை. அவன் கண்ணி வைத்துப் பிடித்த கௌதாரிகள் அடுப்படிக் கூரையில் தொங்கின.

“ரெண்டு கௌதாரி நேத்துல இருந்து தொங்குது. யாருக்குன்னு வச்சிருக்கீங்க?” என்று, சாய்ப்புக்குக் கேட்காதபடி, அவன் காதோடு கேட்டாள். “வேட்டைக்குப் போற நாள்ல பட்டினி போடுங்க, நான் கேக்கல. இது உடம்பு வளர்ற நேரம். பிள்ளைத்தாச்சியை எவனாவது பட்டினி போடுவானா?”

அவன் எழுந்து போனான். அவள் ஒளித்து ஊட்டிவிடக் கூடாது என்று சாய்ப்பின் வாசலை மூடும் படலைக் கயிற்றால் கட்டி, முடிச்சையும் தானே போட்டான்.

இறகு முளைத்தது. சாம்பல் நிற முதுகு, நீண்ட வால், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் மேலிருந்து கீழாக இறங்க வேண்டிய கோடு இல்லை. குறுக்காக ஒரு வரி கருப்பு, ஒரு வரி வெளுப்பு, மறுபடி ஒரு வரி கருப்பு என்று வயிறு வரைக்கும் போயிற்று. வாலிலும் சிறகிலும் அதே குறுக்கு வரிகள். வளரும் இறகுக்குத் தீனி கிடைத்த நாளில் வெளுப்பும், கிடைக்காத நாளில் கருப்புமாக விழுந்திருந்தன. சடையாண்டி பார்த்தவுடனே கண்டுகொண்டான். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்ததா அய்யா என்று மஞ்சக்கண்ணி ஆசையாகக் கேட்டது. ஆமாம் என்றான். இது இன்னொரு பொய்.

நாற்பத்தோராம் நாள் இருவரும் காட்டுக்குப் போனார்கள். புதருக்குள்ளிருந்து ஒரு கௌதாரி விருட்டென்று கிளம்பியது. மஞ்சக்கண்ணி அவன் கையை உதைத்துக்கொண்டு எழும்பியது. அவ்வளவு வேகமாக அது பறந்து அவன் பார்த்ததில்லை. கௌதாரி உடைமரத்தைச் சுற்றி வளைந்தது. மஞ்சக்கண்ணியும் சிறகை மடக்கி வளைந்தது. அந்த வளைவில், வலது சிறகின் பெரிய இறகு ஒன்று கருப்பு வரி இருந்த இடத்தில் படக்கென்று முறிந்தது. அடுத்ததும், அதற்கு அடுத்ததும் என்று வரிசையாக முறிந்தன. ஒடிந்த துண்டுகள் காற்றில் பறக்க, மஞ்சக்கண்ணி முள்ளுக்குள் விழுந்தது.

சடையாண்டி முள்ளைப் பிரித்து அதை எடுத்தபோது அதன் நகத்தில் முறிந்த இறகு ஒன்று சிக்கியிருந்தது. அது அந்த இறகைப் பார்த்தது. பிறகு தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தது. தன் உடம்பில் எழுதியிருப்பதைப் படிக்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தது.

“அய்யா, அன்னைக்குக் கௌதாரி கத்துச்சே. தூரத்துலயா கத்துச்சு, பக்கத்துலயா?”

இந்த ஒரு தடவை அவன் பொய் சொல்லவில்லை.

“பக்கத்துல தான் தாயி.”

“எதுக்கு?”

“இறகு வந்தா என்னை விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்.”

மஞ்சக்கண்ணி முறிந்த இறகை நகத்திலிருந்து உதறியது. “அந்தப் பயத்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அய்யா,” என்றது. அதற்குப் பிறகு அது அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டான். பானையில் இருந்த பழைய தவிட்டு இறகுகளை எடுத்து, அளவு பார்த்து, மூங்கில் சிம்பைச் சீவி, பிசின் தடவி, ஒடிந்த ஒவ்வொரு தண்டிலும் செருகினான். ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்கு முடிக்க இருட்டிவிட்டது. இருளாயி பறவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கௌதாரிக் கறியை விரலில் எடுத்து நீட்டினான். மஞ்சக்கண்ணி வாயைத் திறக்கவில்லை. கல்லின்மேல் வைத்துவிட்டு அவன் விலகிப் போன பிறகுதான் தின்றது. பிசின் காய மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில், யாரும் கேட்காமலே, சடையாண்டி அதன் காலில் கட்டியிருந்த தோல்வாரை அறுத்துவிட்டான். அது சாம்பலும் தவிடும் கலந்த சிறகோடு பறந்துபோய்க் காட்டின் நடுவில் இருந்த உயரமான இலுப்பை மரத்தில் உட்கார்ந்தது.

அவன் தினமும் அந்த மரத்தடிக்குக் கறியோடு போனான். சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டான். அது இறங்கவில்லை. ஒட்டுப்போட்ட சிறகால் கௌதாரியைத் துரத்த முடியாமல் ஓணானையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்றது. அந்த ஒரு வருஷத்தில் அதன் மஞ்சள் கண் சிவந்துபோயிற்று. அழுது சிவந்ததா, வெயிலில் சிவந்ததா, அதைக் கிட்டப் போய்ப் பார்த்தவர் இல்லை.

சடையாண்டி அடுத்த சித்திரைக்காகக் காத்திருந்தான். இறகு மொத்தமும் உதிர்ந்தால் அதற்குப் போக்கிடம் ஏது, கீழே வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தான். சாய்ப்பைப் புதிதாக வேய்ந்தான். ஆற்று மணலைச் சலித்துப் பரப்பினான். படலுக்கு இந்தத் தடவை கயிறே வைக்கவில்லை. நாற்பது நாளும் வயிறு புடைக்க ஊட்டுவேன் என்று இருளாயியிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் கேட்டுக்கொண்டாள்.

சித்திரை வந்தது. மஞ்சக்கண்ணிக்கு உடம்பு அரித்தது. உதறு உதறு என்றது உடம்பு. அது கிளையை நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதறாமல் இருந்தது. வலியில் தலை கிறுகிறுத்தது. கடைசியில் இரண்டே இரண்டு இறகை விட்டது. வலப்பக்கம் ஒன்று, அதற்குச் சமமாக இடப்பக்கம் ஒன்று. அவை முளைத்துத் தண்டு கெட்டிப்படும் வரை மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு அடுத்த இரண்டை விட்டது. நாற்பது நாளில் முடிய வேண்டியது வைகாசி, ஆனி, ஆடி என்று இழுத்துக்கொண்டே போயிற்று. இடையில் ஒரு நாள்கூட அது பறக்காமல் இருக்கவில்லை.

சடையாண்டி மரத்தடியில் நின்று, விழும் இறகைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முறிந்த சாம்பல் தண்டில் அவன் கையால் செருகிய தவிட்டு இறகு, பிசின் காய்ந்த ஒட்டோடு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. புரட்டாசியில் கடைசி ஒட்டு இறகும் விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மேலே, புத்தம்புது சாம்பல் சிறகோடு மஞ்சக்கண்ணி எழும்பி ஒரு வட்டம் அடித்தது. இப்போது அதன் சிறகு எந்த வளைவிலும் முறியவில்லை. பசியில்லாமல் முளைத்த இறகுதான். ஆனாலும் நெஞ்சில் அந்தக் குறுக்கு வரிகள் அப்படியே இருந்தன. வயிறு மறந்ததை உடம்பு மறக்கவில்லை போலும். வடக்கே பறந்த அது, பிறகு அந்தக் காட்டுப் பக்கம் வரவில்லை.

போன இடத்தில் அது ஜோடி சேர்ந்தது. குஞ்சு பொரித்தது. உதிர்க்கும் காலம் வந்தபோது அவற்றுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தது. அன்று முதல்தான், குஞ்சு வல்லூறு வளர்ந்து பெரிய பறவையாகும்போது அதன் நெஞ்சில் குறுக்கு வரி விழுகிறது, கண் சிவக்கிறது. அன்று முதல்தான் அது இறகுகளை இரண்டிரண்டாக மட்டும் உதிர்க்கிறது. எவ்வளவு அன்பான கையில் வளர்ந்தாலும், பறக்க முடியாத ஒரு நாளை அது யாரையும் நம்பி ஒப்படைப்பதில்லை.